பீன்ஸ் மாத்திரையும் ஒரு கிண்ணம் சுண்டலும்

1/ போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. பத்து வருஷமா சர்க்கரை நோய். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல வச்சாங்க.

"பீன்ஸ்ல இருந்து எடுத்ததாம் டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டா சோறு உடம்புல சேராதாம். அதான் சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டேங்க."

அன்னைக்கு அவங்க ரத்தச் சர்க்கரை 380.

டப்பாதான் புதுசு. கதை நாற்பது வருஷத்துக்கு மேல பழசு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ 1980. சர்க்கரை நோயாளிக்கு அதுவரை சொல்லப்பட்ட கணக்கு எளிமையானது. எத்தனை கிராம் மாவுச்சத்து என்பதுதான் முக்கியம். அது ரொட்டியில் வந்தாலும் பயறில் வந்தாலும் ஒன்றுதான்.

டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆரோக்கியமானவர்களுக்கு 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவில் வெவ்வேறு உணவுகளைக் கொடுத்து, ரத்தச் சர்க்கரையை அளந்தார்கள்.

3/ முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. காய்ந்த பயறு வகைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏற்றம் மற்ற உணவுகளைவிடக் குறைந்தது 45% குறைவு! மாவுச்சத்தின் அளவு ஒன்றுதான், ஏறும் வேகம்தான் வேற.

4/ அடுத்த வருஷமே, 1981இல், 62 உணவுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். இன்னைக்கு எல்லாரும் சொல்ற 'கிளைசீமிக் இண்டெக்ஸ்' பிறந்தது இப்படித்தான். குளுக்கோஸ் 100 என்றால் வெள்ளை அரிசி 72, கொண்டைக்கடலை 36, ராஜ்மா 29.

5/ ஏன் இப்படி? பயறின் மாவுச்சத்து நார்ச்சத்தாலான செல் சுவருக்குள்ள பூட்டிக் கிடக்கு. கூடவே புரதமும் இருக்கு. அதனால மெதுவாத்தான் செரிக்கும், மெதுவாத்தான் ரத்தத்துல சேரும்.

6/ இங்கதான் வியாபாரம் உள்ளே வருது. ராஜ்மாவில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்சைமைத் தடுக்கும் ஒரு புரதமும் இருக்கு. அதைப் பிரிச்சு மாத்திரையாக்கி, 'ஸ்டார்ச் பிளாக்கர்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றார்கள். இஷ்டத்துக்குச் சாப்பிடலாம், உடம்பில் ஒட்டாது என்று விளம்பரம்.

7/ வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று புகார்கள் குவிந்தன. 1982 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விற்பனையை நிறுத்தச் சொன்னது.

அதே ஆண்டு ஒரு ஆய்வு. மாத்திரையோடு ஸ்பகெட்டியும் ரொட்டியும் கொடுத்து, மலத்தில் செரிக்காத கலோரி வெளியேறுகிறதா என்று அளந்தார்கள். போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நம் கணையம் சுரக்கும் அமைலேஸ் முன்னால் அந்த மாத்திரை எந்த மூலைக்கு?

8/ ஆக, பயறின் பலன் முழுப் பயறில் இருக்கு. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி எடுத்தால் அது கூட வராது.

உங்களுக்குச் சில விஷயங்கள்:

▪️ சுண்டலைச் சோற்றுக்கு மேல கூடுதலா சாப்பிடாதீங்க. ஒரு கரண்டி சோற்றைக் குறைச்சுட்டு அந்த இடத்துல வைங்க. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை எதுவானாலும் சரி.

▪️ ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்லா கொதிக்க வேகவையுங்க. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் கடும் வாந்தியைக் கொண்டு வரும். நாலைந்து பச்சை விதைகளே போதும்.

▪️ சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பொட்டாசியம் ஏறலாம்.

▪️ பயறு உணவு மட்டுமே. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.

9/ அந்த அம்மாவுக்கு மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சு. கிளம்பும்போது கேட்டாங்க: "அப்போ இந்த டப்பாவை என்னங்க பண்றது?"

"தூக்கிப் போட்டுடுங்கம்மா. அந்தக் காசுக்கு மாசம் முழுக்க கொண்டைக்கடலை வாங்கலாம்."

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.