வெடிக்காத தோட்டா: ஒரு நிமிடம் பொறுங்கள்!

பாலக்கோடு போன்ற காட்டோரப் பகுதிகளில், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றுப் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

• விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், துப்பாக்கியை உடனே திறக்க வேண்டாம். மருந்து தாமதமாகப் பற்றிச் சில நொடிகள் கழித்தும் வெடிக்கலாம்.

• ஆளோ கால்நடையோ இல்லாத திசையில் குழலைப் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். குழலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

• பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு தோட்டாவை வெளியே எடுங்கள். அதை மறுபடியும் போட்டுச் சுடாதீர்கள்.

• வெடிச்சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால், குழலில் அடைப்பு இருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

• வெடிக்காத தோட்டாவைப் பிரிப்பது, நெருப்பில் போடுவது, புதைப்பது எல்லாமே ஆபத்து. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியே வைத்து, காவல் நிலையத்தில் தகவல் சொல்லி ஒப்படையுங்கள்.