வேகமும் அடக்கமும்



நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள், கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். அருகிற் சென்று பார்த்தேன். நான்கு சிலிண்டர்கள், நான்கு புகைக்குழாய்கள், முன் சக்கரத்தில் ஒரு வட்டு. படத்தில் பிழை ஒன்றும் இல்லை. “இது எவ்வளவு வேகம் போகும் தெரியுமா, ஐயா?” என்று அச்சத்தையும் மறந்து கேட்டான். “எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது உனக்குத் தெரியுமா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் விழித்தான். இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. அதனை அவன் வரைந்த அந்த வண்டியின் வரலாற்றைக் கொண்டே இன்று விளக்க விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், டோக்கியோ நகரில் ஹருமி என்னும் இடத்தில் மோட்டார் கண்காட்சி தொடங்கியது. அங்கே ஹோண்டா நிறுவனம் ‘சி.பி. 750’ என்னும் புதிய மோட்டார் சைக்கிளை மக்கள் முன் வைத்தது. கண்டவர் வியந்தனர். அதன் எஞ்சின் 67 குதிரைத்திறன் உடையது. வேகமோ மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். உதைத்து இயக்க வேண்டிய தொல்லையின்றி, ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உயிர்பெற்றது.

இவ்வண்டியின் சிலிண்டர் ஒவ்வொன்றின் விட்டமும் 61 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் சென்றுவரும் தொலைவு 63 மில்லிமீட்டர். நீங்கள் வகுப்பில் கற்ற உருளையின் கன அளவுச் சூத்திரத்தை இட்டு, விடையை நான்கால் பெருக்கிப் பாருங்கள். 736 கன சென்டிமீட்டர் வரும். இரண்டு பெரிய சிலிண்டர்களுக்குப் பதிலாக நான்கு சிறிய சிலிண்டர்கள் எதற்கு? சிறிய பிஸ்டன் எடை குறைந்தது. ஆகவே அது விரைந்து இயங்க வல்லது. மேலும், இரண்டு பிஸ்டன்கள் மேலே ஏறும்போது மற்ற இரண்டு கீழே இறங்குகின்றன. ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடுவதால் அதிர்வு குறைகிறது. நான்கு சிலிண்டர் வண்டிகள் முன்னரும் இருந்தன. ஆனால் அவை அரியவை, விலை மிகுந்தவை. அமெரிக்காவில் 1,495 டாலருக்கு விற்கப்பட்ட இவ்வண்டி, அந்த அருமையை நடுத்தர வருவாயுடையவர்க்கும் எட்டச் செய்தது.

கண்காட்சியில் கண்டவர்க்கு இது திடீரென்று தோன்றிய அற்புதமாகத் தெரிந்திருக்கலாம். உண்மை அதுவன்று. மரத்தின் கனியைக் காண்போர் வேரைக் காண்பதில்லை. இதன் வேர், 1906ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர்க் கொல்லரின் மகனாகப் பிறந்த சோய்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கையில் இருக்கிறது. இளமையில் டோக்கியோவில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் பிஸ்டன் வளையங்கள் செய்ய முற்பட்டபோது, சோதனைக்கு அனுப்பிய 50 வளையங்களில் மூன்று மட்டுமே தேறின. கைத்திறன் இருந்தும் உலோக அறிவு இல்லை என்பதை உணர்ந்த அவர், ஏறத்தாழ முப்பது வயதில், தம்மினும் இளையவர்களுடன் தொழிற்பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்டார். ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு அவருடைய வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

போருக்குப் பின், 1946இல், இராணுவத்தார் கைவிட்ட சிறு எஞ்சின்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1948இல் ஹோண்டா நிறுவனம் பிறந்தது. 1954இல், நிறுவனம் பண நெருக்கடியில் தவித்த வேளையிலேயே, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதாக அறிவித்தார். அவ்வாண்டே அத்தீவுக்கு நேரில் சென்றார். அங்கே ஓடிய ஜெர்மானிய வண்டிகள், அதே அளவுள்ள தம்முடைய எஞ்சினைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் தருவதைக் கண்டார். அவர் வெட்கினார், ஆனால் மனம் உடையவில்லை. தாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதை மறைக்காமல் அளந்து பார்த்தார். அளந்த குறையை ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினார்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1959இல் அவருடைய குழுவினர் முதன்முறையாக அப்பந்தயத்தில் ஓடினர். தனிஒருவர் பெற்ற சிறந்த இடம் ஆறாவது. 1961இல் 125, 250 கன சென்டிமீட்டர்ப் பிரிவுகள் இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டா வண்டிகளுக்கே கிடைத்தன. 1966இல் உலகப் பந்தயங்களின் ஐந்து தனிவண்டிப் பிரிவுகளிலும் தயாரிப்பாளர் பட்டத்தை அந்நிறுவனம் வென்றது. பந்தயக் களத்தை அவர்கள் ஒரு சோதனைச் சாலையாகவே கொண்டனர். அங்கே கற்றதைப் பொதுமக்களின் சாலைக்குக் கொண்டுவந்த வண்டியே சி.பி. 750.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும் என்று பௌதிகம் கூறுகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகம் 200 ஆனால், ஆற்றல் பதினாறு மடங்காகும். வண்டியை நிறுத்தும்போது அவ்வளவும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். அக்காலத்துப் பெரிய வண்டிகளில் இருந்த டிரம் பிரேக் மூடிய பானை போன்றது. வெப்பம் உள்ளேயே தங்க, பிடிப்புத் தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கின் வட்டோ வெளியே காற்றில் சுழல்வது. ஆகவே விரைவில் குளிரும். வண்டியை உருவாக்கிய யோஷிரோ ஹராடாவின் குழுவினர் இரண்டையும் செய்து பார்த்தனர். டிஸ்க் பிரேக்கே வேண்டும் என்று ஹோண்டா முடிவு செய்தார். பெருந்தொகையாக உற்பத்தியான பெரிய மோட்டார் சைக்கிளில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் முன் சக்கரத்தில் இடம்பெற்றது அப்போதுதான்.

பி.எஸ்.ஏ., டிரையம்ப் ஆகிய ஆங்கில நிறுவனங்களும் அதே 1968இல் மூன்று சிலிண்டர் கொண்ட விரைவு வண்டிகளை வெளியிட்டன. அவையும் நல்ல வண்டிகளே. எனினும் அவற்றில் டிரம் பிரேக்கும் உதைத்து இயக்கும் முறையுமே இருந்தன. ஹோண்டாவினர் ஆண்டுக்கு 1,500 வண்டிகள் போதும் என்று எண்ணியிருந்தனர். தேவை பெருகி, அதுவே மாதக் கணக்காயிற்று; பின்னர் மாதம் 3,000 ஆயிற்று. 1970இல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில், ஓடிய நான்கு ஹோண்டா வண்டிகளில் மூன்று இடையில் நின்றுவிட, நான்காவதில் டிக் மான் வெற்றி கண்டார்.

ஜப்பானியர் 750 கன சென்டிமீட்டர் வண்டிகளை ‘நானஹான்’ என்று செல்லமாக அழைத்தனர். ‘ஏழரை’ என்பது அதன் பொருள். ஏழரை என்றதும் நமக்குச் சனி நினைவுக்கு வரும். அவர்களுக்கோ அது இளமைக் கனவின் பெயர். ஆயினும் அக்கனவு சில இல்லங்களில் துயரத்தையும் கொண்டுவந்தது. பிரேக்கைப் பொறியாளர் அமைக்கலாம். அதை எப்போது பிடிப்பது என்னும் அறிவை அவர் வண்டியில் பொருத்தித் தர இயலாது. 1975இல் ஜப்பானிய அரசு உரிம விதிகளைத் திருத்தி, 400 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட விரும்புவோர் கடுமையான தனித் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்தது.

மாணவ நண்பர்களே! புதிய இயந்திரத்தைக் கண்டு உள்ளம் துள்ளுவது குற்றமன்று; அத்துள்ளலே பல பொறியாளர்களை உருவாக்கியிருக்கிறது. வியப்போடு நின்றுவிடாமல், அது எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது, எத்தனை தோல்விகளுக்குப் பின் அப்படி ஆயிற்று என்று கேளுங்கள். அன்று நான் அந்த மாணவனின் குறிப்பேட்டைப் பறிக்கவில்லை. படத்தின் கீழே அந்த நான்கு சிலிண்டர்களின் கன அளவைக் கணக்கிட்டு எழுதச் சொன்னேன். எழுதினான், விடை சரியாக இருந்தது. மறுநாள் அவனாகவே என்னிடம் வந்து, “எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை எப்படிக் கணக்கிடுவது, ஐயா?” என்று கேட்டான்.