ஆஸ்பத்திரி பஞ்சாயத்துக்கு, சம்பளம் சர்க்காருக்கு

அரசாங்கம் சுகாதாரச் சீர்திருத்தம் கொண்டுவருகிறது என்றால் ஒரு கொள்கை அறிக்கையைத் தேடுவது நம் வழக்கம். கேரளத்தில் அந்தத் தேடல் அவ்வளவு பயன்படாது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்திலிருந்து வந்த பெரிய மாற்றம், பஞ்சாயத்துச் சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

1992-இல் 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம். அதையொட்டி 1994-இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். 1995 அக்டோபர் 2 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளிடமும், மாவட்ட மருத்துவமனைகள் மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரிகளை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது நடந்தது ஏ.கே. அந்தோணியின் ஆட்சி. அடுத்து வந்த ஈ.கே. நாயனார் அரசு 1996 ஆகஸ்ட் 17-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. ஒரு முன்னணி ஆஸ்பத்திரியைக் கொடுத்தது, எதிர் முன்னணி காசைக் கொடுத்தது! நம்ம ஊர் அரசியலில் இப்படி நடக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் டாக்டர் யாருடைய ஆள்? கட்டிடம், மருந்து, சுற்றுச்சுவர் எல்லாம் பஞ்சாயத்துப் பொறுப்பு. நியமனம், இடமாற்றம், சம்பளம் மூன்றும் சுகாதாரத் துறையிடமே நின்றன. இரண்டு மாமியாருக்கு ஒரு மருமகள் கதைதான். மருத்துவர் வராவிட்டால் பஞ்சாயத்துத் தலைவர் துறைக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. பிலிப்பைன்ஸில் 1991 உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஊழியரையும் சம்பளத்தையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். ஏழை நகராட்சிகள் திணறின, ஊழியர்கள் கொதித்தார்கள். அதைப் பார்த்தால் கேரளத்தின் அரைகுறை ஏற்பாட்டில் ஒரு தற்காப்பு இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

அந்தத் தற்காப்பின் விலை 2002-இல் தெரிந்தது. கஜானா வற்றியிருந்தது. மீண்டும் முதல்வரான அந்தோணி ஊழியர் சலுகைகளில் கைவைத்தார்; 32 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு நிர்வாக நவீனமயத் திட்டமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. சம்பளச் சுமை முழுக்க மாநிலத்தின் தலையில் இருந்ததால், சிக்கனம் என்றதும் முதலில் கண்ணில் பட்டது ஊழியர் செலவுதான். அதேநேரம் ஆஸ்பத்திரிகள் உள்ளாட்சியின் கையில் இருந்ததால் அவற்றை இழுத்து மூடுவது எளிதாகவும் இல்லை.

2017-இல் ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றத் தொடங்கியது. மாலை வரை நோயாளிகளைப் பார்க்கக் கூடுதல் டாக்டர் வேண்டும். பல இடங்களில் அவரை ஒப்பந்தத்தில் அமர்த்திச் சம்பளம் கொடுப்பது பஞ்சாயத்து. 1995-இல் தள்ளிவைத்த பாதி இப்படிப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது.