மறைபெயர்கள்: சித்திரக்கதை, வீடியோ கேம், திண்டுக்கல் பூட்டு

காமிக்ஸ் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இன்னுமா அந்த இரும்புக்கை மாயாவிய விடல நீ?" என்றார். விடவில்லைதான். முப்பது வருஷத்துக்கு முன் இதே நண்பரோடு திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' பற்றி இருட்டும்வரை பேசியிருக்கிறேன். பிரதி மட்டுமே உண்டு, ஆசிரியன் கிடையாது என்று சொல்லும்போது எங்களுக்குள் ஒரு குதூகலம் இருந்தது. அந்தக் குதூகலத்தின்மீது இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது தத்துவப் புத்தகம் படித்து வந்த சந்தேகமல்ல. சிவகாசியில் அச்சாகி, மதுரை வழியாகப் பட்டாசோடும் தீப்பெட்டியோடும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த சித்திரக்கதைகளிலிருந்து வந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் லயன் நிறுவனம் 'சூப்பர் சர்க்கஸ்' என்ற லக்கி லூக் கதையைத் தமிழில் கொண்டுவந்தது. நொடித்துப்போன ஒரு சர்க்கஸ் கம்பெனி, அது கூடாரம் போட வரும் ஊர், அந்த ஊரையே மடியில் முடிந்து வைத்திருக்கும் ஒரு பணக்காரன். அவன் நடத்தும் ரோடியோவுக்குப் போட்டியாக சர்க்கஸ் வந்துவிடக் கூடாது என்பதுதான் கதையின் முடிச்சு. சர்க்கஸ் முதலாளி பருத்த மூக்கும் தொப்பியுமாக, எந்நேரமும் போதையில், வாய்ச்சவடாலோடு திரிவார். எங்கள் தெருப் பையன்களுக்கு அந்த ஆளை ஏற்கெனவே தெரியும். ஊர் ஊராக நாடகக் கம்பெனி நடத்தி, கடன்பட்டு, சீன் படுதாவை அடகு வைத்துவிட்டு, நாகல் நகர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழம்பெருமை பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இருந்தார். "டேய், இது அவருதான்டா" என்று நாங்கள் முடிவுகட்டினோம். அந்த வாசிப்பில் எந்தக் குறையும் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

பல வருஷம் கழித்து ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவை நடிகர்களைப் பற்றிய புத்தகமொன்றில் ஒரு புகைப்படம் பார்த்தேன். அதே மூக்கு, அதே தொப்பி, அதே எகத்தாளம். டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ். மேடையில் பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்காரராகத் தொடங்கிச் சினிமாவுக்குப் போனவர். 1946 டிசம்பரில் செத்துப்போனார். அதே 1946 டிசம்பரில்தான் பெல்ஜியத்தில் மோரிஸ் என்ற ஓவியர் லக்கி லூக்கை முதன்முதலாக அச்சில் ஓடவிட்டார். 1970இல் புத்தகமான 'வெஸ்டர்ன் சர்க்கஸ்' (நாம் படித்த சூப்பர் சர்க்கஸ்) கதையில் அந்த நடிகருக்கு மோரிஸும் எழுத்தாளர் கோசினியும் செலுத்திய வணக்கம் அந்த முதலாளி. மோரிஸுக்கு இது வழக்கம். 1972 கதையொன்றில் பரிசுப்பணத்துக்கு ஆள் வேட்டையாடுகிறவன் முகத்தில் அப்படியே லீ வான் கிளீஃபை வரைந்து வைத்திருக்கிறார்.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. ஏதோ பந்தியில் நம்மை உட்காரவைத்துச் சோறு போட்டு, பாயசத்தை மட்டும் உள்ளறையில் வேறு சிலருக்குப் பரிமாறியதுபோல இருந்தது. மறைகுறிப்பு என்பது எல்லோருக்குமான விருந்து அல்ல. அந்த நடிகனின் முகத்தைத் திரையில் பார்த்திருக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்ததோ அவருக்கு மட்டும் வாசலைத் திறக்கிறது. ஊடிழைப் பிரதி என்றும் பிரதிகளின் உரையாடல் என்றும் நாம் கொண்டாடியதெல்லாம், யாருக்கு எந்தப் பிரதிகள் கைக்கு எட்டின என்ற கேள்வியைக் கேட்காமல் கொண்டாடியதுதான். ஆனால் நாகல் நகர்க் கிழவரை அந்தப் படத்தில் கண்டுபிடித்த பையன்கள் பாயசம் கிடைக்காதவர்களா, அல்லது சொந்தமாகக் காய்ச்சிக்கொண்டவர்களா? இரண்டாவது என்று சொல்லத்தான் ஆசை. ஆசையை வாதமாக்கிவிடக் கூடாது என்பதால் இங்கே நிறுத்துகிறேன்.

மோரிஸ் புகழ்பெற்றவர், புத்தக அட்டையில் பெயர் உள்ளவர். அவர் செய்தது நண்பனைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோன்ற காரியம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வகை.

1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. மூலம் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, உலோகக் கை மட்டும் காற்றில் மிதக்கும். எச். ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் அதற்குப் பாட்டன் என்பதில் யாருக்கும் சந்தேகமிருக்காது. அதை வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அந்த ஆங்கிலப் பத்திரிகையில் இல்லை. பெயர் போடுவதில்லை என்பது அந்தக் கம்பெனியின் நடைமுறை. ஓவியர் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் வெள்ளை மை பூசி அழித்துவிட்டே அச்சுக்கு அனுப்புவார்களாம். 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழில்தான், உள்ளே வேலை பார்த்த கெவின் ஓ'நீல் போன்றவர்களின் பிடிவாதத்தால், படைத்தவர் பெயர்கள் அங்கே ஒழுங்காக அச்சேறத் தொடங்கின. ஆக, உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் ஒரு நாயகனை, கை மட்டும் தெரிந்து ஆள் மறைக்கப்பட்ட ஒருவர் வாராவாரம் வரைந்துகொண்டிருந்தார். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, கூலிக்கணக்காகச் சொல்கிறேன். பெயர் இல்லாதவன் மறுபதிப்புக்குப் பணம் கேட்க முடியாது.

தமிழில் அவனுக்கு மாயாவி என்று பெயர் வைத்தது யாருடைய யோசனையாக இருந்தாலும் அபாரமான யோசனை. ராமாயணத்தில் வாலியைக் குகைக்குள் இழுத்துப்போன அசுரன் மாயாவி. உள்ளே நடக்கும் சண்டை வெளியே காத்து நிற்கிற சுக்ரீவன் கண்ணுக்குத் தெரியாது. மூலத்தில் இல்லாத ஒரு பழைய குரலைத் தமிழ்ப்பெயர் உள்ளே கொண்டுவந்து விட்டது. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கேட்டிருக்கும். பிற்பாடு ராணி காமிக்ஸில் முகமூடி போட்ட 'ஃபாண்டம்' வந்தபோது அவரும் மாயாவிதான். முத்துவில் அவர் வேதாளர். ஒரு பையன் மாயாவி என்றால், "எந்த மாயாவி, சிவகாசியா ராணியா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

ஃபாண்டம் பற்றிச் சொல்லும்போது தலைகீழான ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1936இல் லீ ஃபாக் அந்தக் கதையைத் தொடங்கியபோது கதைநிலம் வங்காளத்தை நினைவூட்டும் ஒரு கீழைநாடு. கடற்கொள்ளையர்களோ சிங் கூட்டத்தார். 1964இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் அதை வெளியிட்டபோது நாடு 'டெங்காலி' ஆயிற்று, சிங் 'சிங்கா' ஆயிற்று. வெள்ளைக்காரன் காட்டுவாசிகளை ஆளும் கதையில் காட்டுவாசிகள் நாம்தான் என்பதை, நாமே படிக்கும்போது மட்டும் மறைத்துவிட்டார்கள். குறிப்பை ஒளித்து வைப்பதில் மரியாதை மட்டுமல்ல, இப்படிப்பட்ட வியாபார நாசூக்கும் உண்டு.

இனி வீடியோ கேமுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரிலும் ஒரு சந்துக்குள் ரெண்டு மூணு மிஷின் போட்ட கடை வந்தது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட நாங்கள் வரிசையில் நின்றோம். அதில் தால்சிம் என்று ஒரு இந்திய யோகி. கை நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை. "நம்மாளுடா" என்று பையன்கள் அவனைத்தான் எடுப்பார்கள், தோற்பார்கள். 1976இல் வந்த ஒரு குங்ஃபூ படத்தில் கருப்புச்சாயம் பூசிய சீன நடிகர் ஒருவர் கை நீளும் இந்திய யோகியாக நடித்திருக்கிறார். தால்சிம் அந்த யோகியின் வாரிசு என்றே ரசிகர்கள் கருதுகிறார்கள். ஜப்பானியர் சீனப் படத்தை மேற்கோள் காட்ட, அந்த மேற்கோளில் நம் ஆளை நாம் அடையாளம் கண்டோம்.

அதே விளையாட்டின் நாயகன் ரியூ. 1987இல் வந்த முதல் பாகத்தை இயக்கியவர் நிஷியாமா தகாஷி. அவர் பெயரின் முதல் சித்திர எழுத்தைத்தான் நாயகனுக்குப் பெயராக வைத்தார்கள். எழுத்து ஒன்றே, ஆள் பெயரில் 'தகா' என்று வாசிக்கப்படும், விளையாட்டில் 'ரியூ' என்று வாசிக்கப்படும். அந்தக் காலத்து ஜப்பானிய விளையாட்டுக் கம்பெனிகள் பலவற்றில், போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயத்தில், முடிவுப் பட்டியலில் தொழிலாளிகளின் நிஜப்பெயரை விடமாட்டார்கள், பட்டப்பெயர்தான். நிஷியாமா முதல் பாகத்தோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். 1991இல் இரண்டாம் பாகத்தைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். 1993இல் கன்சாகி மசவோமி அதை மங்காவாக வரையத் தொடங்கினார். வேலையை விட்டுப் போன மனிதனின் எழுத்து, இன்னொருவர் பேனாவில், பக்கத்துக்குப் பக்கம் நாயகனாக நடந்துகொண்டிருக்கிறது. இதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தால் 'ரியூ' என்ற ஒலி வரும். அந்த எழுத்து வராது. ஆள் திரும்பவும் மறைந்துவிடுவான்.

போக்கிமானிலும் இதே கதை. நாயகனுக்கு சதோஷி என்றும் போட்டியாளனுக்கு ஷிகேரு என்றும் பெயர். சதோஷி என்பது விளையாட்டைப் படைத்த தஜிரி சதோஷி. ஷிகேரு, அவர் ஆசானாக மதித்த மியமோட்டோ ஷிகேரு. தொலைக்காட்சித் தொடரிலும், 1997இல் ஓனோ தோஷிஹிரோ வரைந்த மங்காவிலும் அதே சதோஷி. ஆங்கிலத்துக்குப் போனதும் ஆஷ், கேரி. குருவும் போனார், சீடனும் போனார். ஒரு ஜப்பானிய உதைச்சண்டை வீரர் பெயரையும் ஒரு குத்துச்சண்டை வீரர் பெயரையும் ஒளித்துவைத்த இரண்டு பிராணிகள் ஆங்கிலத்தில் புரூஸ் லீ, ஜாக்கி சான் நினைவாக மாறின. மொழிபெயர்ப்பாளர் சும்மா இருக்கவில்லை, தன் பங்குக்கு வேறு தெய்வத்தை உள்ளே வைத்தார். நம் மாயாவி மாதிரிதான்.

இந்த ஒளித்துவைக்கும் பழக்கத்துக்கு விளையாட்டு உலகில் ஒரு புகழ்பெற்ற தொடக்கம் சொல்வார்கள். அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியில் வாரன் ராபினெட் என்பவர் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைத் தனியொருவராக எழுதினார். சம்பளம் உண்டு, விற்பனையில் பங்கு கிடையாது, பெயரும் கிடையாது. அவர் யாருக்கும் சொல்லாமல் உள்ளே ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனால் அறை திறக்கும். சுவரில் 'படைத்தவர் வாரன் ராபினெட்' என்று இருக்கும். விளையாட்டு வெளியாகி, அவர் வேலையை விட்டபிறகு, 1980இல் ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதினான். கம்பெனி முதலில் அழிக்கப் பார்த்தது, செலவாகும் என்று விட்டுவிட்டது, பிறகு அதையே விளம்பரச் சரக்காக்கி 'ஈஸ்டர் முட்டை' என்று செல்லப்பெயர் வைத்தது. இன்று எந்த விளையாட்டிலும் படத்திலும் முட்டைகளைக் கம்பெனியே திட்டம் போட்டு வைக்கிறது. ஒரு தொழிலாளியின் திருட்டுக் கையெழுத்து முதலாளியின் பண்டிகைப் பலகாரம் ஆகிவிட்டது.

எங்கள் மாமா ஒருவர் பூட்டு வேலை பார்த்தார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ரொம்ப முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டு ராவுவார். பீஸ் கணக்குக் கூலி. பூட்டின் முகத்தில் கடைக்காரர் பெயர் குத்தியிருக்கும். மூடி வைத்து ரிவிட் அடிப்பதற்கு முன் உள்தகட்டில் அரத்தின் முனையால் மூன்று கீறல் போடுவார். எதுக்கு மாமா என்று கேட்டேன். "கடைக்காரன் பேரு வெளிய இருக்குல்ல. இது உள்ள கெடக்கட்டும்." யாருக்குத் தெரியும் மாமா? "ஒடைக்கிறவனுக்குத் தெரியும்." எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் கீறலை ஒரு பிரதி என்று வாசிக்கும் சாமர்த்தியம் எனக்கு இருந்தது. அதற்கு ஒரு ஆசிரியன் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை அந்த வயதில் இல்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று மலையடிவாரத்தில் நாங்கள் அறிவித்தபோது, ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாதவர்களின் கணக்கு எங்களிடம் இல்லை.

கோட்பாட்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பெயர் திரும்பக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2010இல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தபோது, ஜெய்சங்கரபுரம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டுத் தியேட்டரில் நானும் நண்பரும் வாய்விட்டுச் சிரித்தோம். 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கர்ணன் எடுத்த கௌபாய் படங்களில் குதிரையேறிய ஜெய்சங்கருக்கும், நாங்கள் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த கௌபாய் கதைகளுக்கும் அது வணக்கம். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள், இதில் என்ன சிரிப்பு என்பதுபோல. அன்று உள்ளறையில் பாயசம் குடித்தவர்கள் நாங்கள்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. என்னிடம் இருக்கும் பழைய மாயாவி இதழ்களின் முதல் பக்கத்தில் 'வரைந்தவர்: ஹெசூஸ் பிளாஸ்கோ' என்று பென்சிலால் எழுதி வைத்தேன். போன வருஷம் இரட்டையாக இருந்த சிலவற்றைப் பழைய புத்தகக் கடையில் கொடுக்கப் போனேன். கடைப்பையன் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மொதப் பக்கத்துலயே கிறுக்கியிருக்கே சார். பாதி வெலதான் போகும்."