சாயவேர்: தோண்டியவர்கள் எங்கே?

பதினெட்டாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணி ஒன்றைப் பழைய முறையிலேயே வரைந்து சாயமேற்ற நண்பர் ஒருவர் முயன்றார். வேர் தேடித் தரும் பொறுப்பு எனக்கு. நாட்டு மருந்துக் கடைகளில் ‘சாயவேர்’ என்று கேட்டால் மஞ்சிட்டியை எடுத்துப் போட்டார்கள். ஒரு கடைப் பெரியவர் மட்டும், “நீங்க கேக்குறது இம்பூறலுங்க. அப்படிக் கேட்டாத்தான் தெரியும்” என்றார்.

ஒரே செடிதான். சித்த மருத்துவத்தில், இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும், இம்பூறல், சாயக்காரர்களிடம் சாயவேர். மருந்துப் பெயர் பிழைத்துக்கொண்டது. தொழில் பெயர் கடைத்தெருவை விட்டே போய்விட்டது. அந்தப் பெயரோடு சேர்ந்து போனது எது என்பதுதான் என் கேள்வி.

சாயத்துக்கு வேர் மட்டும்தான் ஆகும். அதிலும் சிவப்பு இருப்பது வேரின் தோலில். மணலுக்குள் நூல் மாதிரி இறங்கும் வேரை அறுபடாமல் எடுக்க வேண்டும். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய துணியில் படிகார நீரால் வரைந்து, வேர்ப்பொடி போட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். இந்த முறையை 1742இல் பிரான்சுக்கு எழுதியனுப்பியவர் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார். மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டு எழுதினார். அவர் பெயர் நிற்கிறது. சொன்னவர்கள் பெயர் இல்லை. இத்துணிகளின் வரவுக்கு அஞ்சி பிரான்சு 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் உடுத்துவதையே தடுத்தது.

சாயக்காரருக்காவது இவ்வளவு தடயம் உண்டு. அவருக்கும் கீழே, வேர் தோண்டியவர்? பாக் நீரிணையின் அக்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதே மணல், இதே செடி. டச்சுக் கம்பெனி அங்கே வேரைத் தன் ஏகபோகமாக்கியது. தோண்டுவது குறிப்பிட்ட சாதியாரின் மேல் கடமையாகச் சுமத்தப்பட்டது. தோண்டியதைக் கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும். பின்னால் வந்த ஆங்கிலேயரும் தொடக்கத்தில் வேரை அரசு வருமானமாகவே நடத்தினார்கள். ஆக, நாம் ‘இயற்கைச் சாயம்’ என்று மெய்மறந்து பேசும் அந்தச் சிவப்புக்குள் சாதியும் கட்டாய உழைப்பும் கலந்திருக்கின்றன.

1868இல் கிரேப, லீபர்மான் என்ற ஜெர்மானியர் இருவர் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளே அதற்கு மூலம். வேரில் சிவப்பைத் தருவதும் இந்த அலிசரின்தான். அதன் பிறகு வேருக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. நம் கைவினைக் கதையாடலில் இது ஒரு மரணச் செய்தி. தோண்டியவர் பக்கம் நின்று பார்த்தால்? சாதிக் கடமையாகத் தோண்டியவருக்கு அது பிழைப்பின் இழப்பா, விடுதலையா? இரண்டுமாகவே இருக்கலாம். நமது வரலாற்றெழுத்து அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது.

கடைசியில் இராமநாதபுரம் பக்கக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். களைக்கொத்தியோடு கூட வந்த அம்மா செடியைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: “இருமலுக்குப் புடுங்குவோம்யா. வேருக்குன்னு யாரு தோண்டுறா?” காலை முழுக்கத் தோண்டியும் இரண்டு கைப்பிடிக்கு மேல் தேறவில்லை. அப்புறம் கேட்டார்: “ஒரு நாளைக்கு எம்புட்டுக் குடுப்பீக?”

எனக்குப் பதில் இல்லை. நண்பர் போட்ட செலவுக் கணக்கில் துணி, கடுக்காய், பால் எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. வேருக்கு நேரே பஸ் கட்டணம் மட்டும். காட்டில் கிடப்பது, சும்மா வரும் என்று நாங்களும் நினைத்திருக்கிறோம். கம்பெனியாவது ஒரு விலை வைத்தது.

அன்றைய விவசாயக் கூலியை விசாரித்து அதைவிடக் கூட்டிக் கொடுத்தேன். ஊர் திரும்பிக் கணக்கைத் திருத்தினோம். முழுச் சீட்டிக்குக் கட்டுப்படியாகவில்லை. நண்பர் துணியைக் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கிக்கொண்டார். கண்காட்சியில் அதன் விலையைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு, முதலில் வேர் தோண்டிய கூலியைத்தான் சொன்னோம்.