வல்லாளனும் சென் யீயும்

திருவண்ணாமலையில் வல்லாள கோபுரத்தைக் கடப்பவர் எவருக்கும் சீனத் தளபதி சென் யீயின் நினைவு வர வாய்ப்பில்லை. ஒருவர் ஹொய்சள அரியணையில் பிறந்தவர். மற்றவர் அரியணைகளே கூடாது என்ற கட்சியின் மார்ஷல். ஆயினும் இருவரையும் அருகருகே வைத்தால் ஒரு வினோதமான உறவு தெரிகிறது.

துவாரசமுத்திரம் அழிந்தபின் மூன்றாம் வல்லாளர் அண்ணாமலையைத் தலைநகராக்கி, மதுரை சுல்தான்களை எதிர்த்து நின்றார். 1934-இல் செஞ்சேனை நெடும்பயணம் புறப்பட்டபோது, காயம்பட்டிருந்த சென் யீ ஜியாங்சியில் விடப்பட்டு மூன்றாண்டுகள் கெரில்லாப் போர் நடத்தினார். மலை இருவருக்கும் அரண். ஆனால் வல்லாளருக்கு அது கொலுவும் கோயிலுமாக அமைந்தது. 1936 குளிர்காலத்தில் மெய்லிங் மலையில் சென் யீக்குக் கிடைத்ததோ புதர் மறைவுதான். இருபது நாளுக்கு மேல் பதுங்கியிருந்தவர், சாவை எதிர்பார்த்துக் கவிதை எழுதினார்.

வாழ்க்கையின் திசைதான் நேர்மாறு. சென் யீ போரில் தொடங்கி, ஷாங்காய் மேயராகி, 1958-இல் வெளியுறவு அமைச்சரானார். வல்லாளரோ ராஜதந்திரத்திலிருந்து போருக்குத் திரும்பியவர். 1311-இல் டெல்லித் தளபதி மாலிக் காபூரிடம் பணிந்து, பாண்டிய நாட்டுப் படையெடுப்புக்கு உதவவும் செய்தவர், முதுமையில் போர்க்களம் புகுந்தார். கண்ணனூர்க் கொப்பத்தில் அவர் வீழ்ந்தபோது வயது எண்பது என்கிறார் பயணி இபின் பதூதா.

இருவருக்கும் பேச்சே வினையானது என்பது என் கணிப்பு. கண்ணனூர் முற்றுகையில் வெல்லும் நிலையில் இருந்த வல்லாளர், கோட்டைக்குள் இருந்தோருக்கு இரண்டு வாரத் தவணை தந்தார்; அந்த இடைவெளியில் சுல்தானின் படை வந்து தாக்கியது. வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர் ஒருமுறை வாக்கை நம்பிக் கெட்டார். அயல்நாடுகளோடு அளந்து பேச வேண்டிய சென் யீயோ 1967 பிப்ரவரியில் கலாச்சாரப் புரட்சியைச் சொந்தக் கட்சியினர் நடுவே மனம் திறந்து சாடினார், அதிகாரம் பறிபோனது. ஒருவரைப் பகைவர் வீழ்த்தினர், மற்றவரைத் தோழர்கள்.

இறுதிச் சடங்கில்தான் ஒப்புமை வியக்க வைக்கிறது. 1972 ஜனவரியில், யாரும் எதிர்பாராமல், இரவு உடைமேல் மேலங்கி அணிந்தபடி சென் யீயின் அஞ்சலிக்கு வந்தார் மாவோ. அது ஒருமுறைதான். வல்லாளருக்கோ ஆண்டுதோறும் அண்ணாமலையாரே வருகிறார். தைப்பூசத் தீர்த்தவாரியில் இறப்புச் செய்தி சொல்லப்பட, மேளதாளமின்றித் திரும்புகிறார்; மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் மகனாக நின்று திதி கொடுக்கிறார். மாவோவின் வருகை அரசியல் கணக்கும் கலந்தது. அண்ணாமலையாரின் வருகைக்கு அப்படியொரு தேவை இல்லை.

பிள்ளையில்லா அரசருக்கு ஈசனே பிள்ளையானார் என்பது தலக்கதை. வரலாற்றில் வல்லாளருக்கு மகன் உண்டு: மாலிக் காபூரோடு சமாதானம் ஆனபின் டெல்லிக்குத் தூதாக அனுப்பப்பட்டவர். சென் யீயின் மகன் சென் ஹாவ்சு, பிற்காலத்தில், அயல்நாட்டு நட்புறவுக்கான சீன மக்கள் சங்கத்துக்குத் தலைவரானார்.