யார் கையில் பட்டா, அவர் கையில் மானியம்: அமெரிக்கக் கறுப்பின விவசாயிகளின் வரலாறு

விவசாய மானியம் சாதியோ நிறமோ பார்த்து வழங்கப்படுவதில்லை என்றுதான் அரசுகள் கூறுகின்றன. ஆனால் பணம் யார் பெயரில் எழுதப்படுகிறது, தகுதியை உள்ளூரில் யார் முடிவு செய்கிறார்கள் என்ற இரு கேள்விகளையும் எழுப்பாமல் எந்தப் பயனாளிகள் பட்டியலையும் நாம் சரியாகப் படிக்க இயலாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

நிலவுடைமையாளர் வழியே சென்ற பணம்

பருத்தி விலை வீழ்ந்திருந்த 1933ஆம் ஆண்டில், சாகுபடிப் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் வழங்கும் சட்டத்தை அமெரிக்க அரசு இயற்றியது. நிலத்தில் உழைத்தவர்களோ பெரும்பாலும் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் ஆவர். அவர்களுக்குரிய சிறு பங்கும் நிலவுடைமையாளர் வழியாகவே சேர வேண்டியிருந்தது. பலர் அதனைக் கொடுக்கவில்லை. பரப்பு குறைந்ததைக் காட்டிக் குடும்பங்களையே வெளியேற்றினர். இதை எதிர்த்து 1934 ஜூலையில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் பாய்ன்செட் கவுண்டியில், டைரோன்சா என்னும் ஊரில், இரு இனத்தவரும் இணைந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். குத்தகையாளரை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் தந்த வேளாண் துறைச் சட்ட அலுவலர்கள் 1935 பிப்ரவரியில் பதவிநீக்கம் செய்யப்பட்டனர்.

கவுண்டிக் குழுக்களின் அதிகாரம்

கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாக அலகு. மானியத் திட்டங்களை அங்கே நடைமுறைப்படுத்தியவை, உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்த குழுக்கள். எவருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு என்பது அவற்றின் கையில் இருந்தது. 1964 இறுதியில் தெற்கின் 11 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 குழு உறுப்பினர்களுள் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர் என்பதைக் குடியுரிமை ஆணையத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. தேர்தல் நடந்தது, ஆனால் ஆதிக்க இனத்தின் பிடியில் இருந்த ஊரில் அது ஆதிக்கத்தையே உறுதி செய்தது.

பயிர்க் கடன் மறுக்கப்பட்டது, அல்லது விதைப்புப் பருவம் கடந்த பின் வந்தது. கடன் முழுகியபோது நிலம் பறிபோனது. 1920இல் சுமார் 9.25 லட்சமாக இருந்த கறுப்பின விவசாயிகளின் எண்ணிக்கை, 1997இல் 20,000க்கும் கீழே சரிந்தது. வன்முறை, நகரங்களுக்கான இடப்பெயர்வு, எந்திரமயம் ஆகியனவும் இதற்குக் காரணங்களே. எனினும் அரசின் பாகுபாட்டை அவற்றின் பின்னால் மறைக்க முடியாது.

நீதிமன்றமும் அதன் எல்லையும்

1997இல் தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்டு எதிர் கிளிக்மன் வழக்கு, 1981 முதல் 1996 வரையிலான பாகுபாட்டைப் பற்றியது. 1999இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பெரும்பாலான வெற்றி பெற்ற மனுதாரர்களுக்குத் தலா 50,000 டாலர் கிடைத்தது. காலக்கெடுவுக்குப் பின் விண்ணப்பித்த பல்லாயிரவர் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர். இழந்த நிலம் திரும்பவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட 400 கோடி டாலர் கடன் தள்ளுபடியும், வெள்ளை விவசாயிகள் தொடுத்த வழக்குகளால் நின்றுபோய் 2022இல் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த திட்டத்தின் கீழ் 2024இல் 43,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டது.

நமக்கான கேள்வி

இந்தியாவில் பிரதமரின் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு வழங்குகிறது. பட்டா இல்லாத குத்தகையாளரும் கூலித் தொழிலாளரும் அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்த பரப்போ 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலமில்லாமை சாதியால் விளைந்தது; எனவே நிலத்தையே தகுதியாக்கும் திட்டம், சாதியின் பெயரைச் சொல்லாமலேயே அதன் பலனைத் தொடர்கிறது.

ஆகவே பயனாளிகள் பட்டியலை நிலப் பதிவேட்டுடன் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறோம். குத்தகையாளர் பதிவு, கூலி உழைப்பாளருக்கு நேரடி உதவி, உள்ளூர்ச் சரிபார்ப்பில் தலித் பிரதிநிதித்துவம், எல்லாவற்றுக்கும் மேலாக நிலப் பகிர்வு ஆகியவை இக்கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதவை. இழப்பீடு காலம் கடந்தே வரும்; அதற்குள் நிலம் கைமாறியிருக்கும் என்பதைக் கறுப்பின விவசாயிகளின் வரலாறு காட்டுகிறது.